பிடி அரிசி போன இடம்

அம்மா உலையில் அரிசி போடும் முன்பு ஒரு பிடி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தி பையோடு வந்து அதை வாங்கிப்போவாள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் சேரும். ரேஷன் அரிசி, பொன்னி, குருணை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அந்தச் சாக்கை ஏலம் விடுவார்கள். எடுக்கிறவர் பெரும்பாலும் கோழி வளர்க்கிறவராக இருப்பார். அந்தக் காசு வடக்கே போகும்.

எங்கள் ஊரில் 'வடக்கே' என்றால் மிஷனெரி பணித்தளம் என்று அர்த்தம். மதுரையும் சென்னையும் வடக்கில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே போகிறவனை யாரும் வடக்கே போயிருக்கான் என்று சொல்வதில்லை. என் சித்தப்பாவைச் சொல்வார்கள். 1984-ல், இருபத்தேழு வயதில், ஐடிஐ முடித்து ஸ்பின்னிங் மில்லில் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் ராஜ்மகால் குன்றுகளுக்குப் போனார். அப்போது அது பீகார். முப்பத்து மூன்று வருடம் அங்கே இருந்தார்.

மிஷனெரி என்றதும் என் அலுவலக நண்பர்களுக்கு அங்கி போட்ட வெள்ளைக்காரர்தான் ஞாபகம் வருகிறார். எனக்கு ஞாபகம் வருவது டெர்ரி காட்டன் சட்டையும் விஐபி சூட்கேஸுமாக எக்மோர் ஸ்டேஷனில் நிற்கும் ஒல்லியான ஒரு ஆள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் பாதிக்கு இப்படி ஒரு ஆளாவது இருப்பார். இதற்கு நூறு வருடத்துக்கு மேல் பழக்கம் உண்டு. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி. எஸ். அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1909-ல் அவரே தெலுங்கு படித்துக்கொண்டு நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் எங்களுக்காக எல்லாவற்றையும் தருகிறார்கள், நட்பை மட்டும் தருவதில்லை என்ற பொருளில் அவர் பேசியது அங்கிருந்த பலருக்குப் பிடிக்கவில்லை. 1912-ல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். எங்கள் ஞாயிறு பள்ளியில் இதையெல்லாம் சொல்லித்தருவார்கள். ஆனால் எடின்பரோ பேச்சை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

சித்தப்பா போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கங்கை தெற்கே திரும்பும் முனையில், சாஹிப்கஞ்ச், பாகூர், கோட்டா மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எரிமலைக் கருங்கல் குன்றுகள் அவை. மேலே சௌரியா பஹாடியா மக்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர்களால் அவர்களை அடக்க முடியவில்லை. பாகல்பூர் கலெக்டர் அகஸ்டஸ் கிளீவ்லண்ட் தலைவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, இளைஞர்களை வைத்து ஒரு படையே அமைத்துச் சமாதானம் பேசினார். 1832-ல் குன்றுகளைச் சுற்றி எல்லை போட்டு 'தாமின்-இ-கோ' என்று பெயர் வைத்தார்கள். அடிவாரக் காட்டை வெட்டி உழுவதற்குச் சந்தால்களை வரவழைத்தார்கள். பஹாடியாக்கள் மேலே மேலே ஏறிப்போனார்கள். இப்போது அந்தக் குன்றுகளை ஜல்லியாக உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். ஊர் ஊராகக் கிரஷர் ஓடுகிறது.

அங்கே சித்தப்பா செய்த வேலையில் பாதிக்கு மேல் பிரசங்கம் இல்லை, காலா அசார் காய்ச்சல்தான். மணல் ஈ கடித்து வருவது. மண்ணீரல் வீங்கி, உடம்பு கறுத்து, மருந்து கொடுக்காவிட்டால் ஆள் செத்துப்போவான். இப்போது ஒரே தவணையில் ஏற்றும் மருந்து வந்துவிட்டது. சித்தப்பா காலத்தில் ஊசி, தினம் ஒன்று, இருபது முப்பது நாள். பத்து நாளில் காய்ச்சல் குறைந்ததும் ஆட்கள் மலை ஏறிவிடுவார்கள். சோளக்காட்டை யார் பார்ப்பது? பாதியில் விட்டால் நோய் திரும்ப வரும், அப்போது மருந்து கேட்காது. அதனால் சித்தப்பாவின் ஊழியம் என்பது பெரும்பாலும் ஆட்களைத் தேடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவது. "பதினேழாம் ஊசிக்கு ஓடுனவன பதினெட்டாம் ஊசிக்குப் பிடிச்சிட்டு வந்தேன் மக்கா" என்பார். ஞானஸ்நானம் கொடுத்த கணக்கை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசிக் கணக்கு சொல்வார்.

ஆனால் ஞானஸ்நானக் கணக்கும் உண்டு. மாதப் பத்திரிகையில் வரும். அதைத்தான் ஊரில் வாசிப்பார்கள்.

அக்கா, அதாவது சித்தப்பாவின் மகள், ஆறு வயதில் விடுதிக்குப் போனாள். மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்று நடத்தப்படும் விடுதி, தமிழ்நாட்டில். மலையில் பள்ளிக்கூடம் இல்லை, காய்ச்சல் வேறு. வருடத்துக்கு ஒரு தடவை, பெரிய லீவுக்கு, அப்பா அம்மாவைப் பார்ப்பாள். சென்னையிலிருந்து கோரமண்டலில் ஹவுரா, அங்கிருந்து இன்னொரு ராத்திரி ரயில். கூட்டிப்போக ஆள் கிடைக்காத வருடம் எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்களோடு கிணற்றில் குளிப்பாள், சாப்பிடுவாள், சண்டை போடுவாள். ஒரு தடவை அவளுடைய நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக அடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். விடுதி நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினாறு வயதில் எண்ணுவதை விட்டுவிட்டாள். அவளே சொன்னது இது.

1999 ஜனவரி 22 இரவு ஒடிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். ஃபிலிப்புக்குப் பத்து வயது, திமோத்திக்கு ஆறு. விடுதியில் காலை ஜெபத்தில் அறிவித்தார்களாம். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டும் ஒரு யோசனை வந்துச்சு. அந்தப் பையன்களாவது அவங்க அப்பாகூட இருந்தாங்கன்னு." பல வருடம் கழித்து, அவளுக்கே குழந்தை பிறந்த பிறகு, இதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே பால் சுட வைக்க எழுந்து போய்விட்டாள்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மதமாற்றம் பற்றிய விவாதத்துக்குள் இழுத்துவிடுவார்கள் என்று தெரியும். பெங்களூரில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு நண்பன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "உங்க தாத்தா எத்தன மூட்ட அரிசிக்கு மாறுனாரு?" எங்கள் வீட்டில் அரிசி வெளியேதான் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னால் அவனுக்குப் புரிந்திருக்காது. நான் விசுவாசி கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் ஊருக்குப் போகிறவன், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. காரணம், மாறியவனுக்கு மூளை கிடையாது, வயிறு மட்டும்தான் என்று அது முடிவு செய்துவிடுகிறது. இந்த முடிவு புதிதில்லை. 1936-ல் காந்தி ஜான் மாட்டிடம் பேசும்போது, தீண்டப்படாதோரில் சிலர் புரிந்துகொள்வதில் பசுவைவிடக் கீழே, அவர்களிடம் போய்ச் சுவிசேஷம் சொல்வதா என்று கேட்டார். அவர்களுக்குத் தங்கள் காரியம் தெரியும் என்பது அசரியாவின் கட்சி. தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்களோடு வருடக்கணக்காகப் பழகியவர் அவர். 1977-ல் உச்ச நீதிமன்றம் மதத்தைப் பரப்பும் உரிமையில் ஒருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. 2017-ல் ஜார்க்கண்டும் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இவை எல்லாவற்றிலும் பேச்சு மாற்றுகிறவனைப் பற்றித்தான். மாறுகிறவன் என்ன நினைத்தான் என்பது வருவதே இல்லை.

ஆனால் இதே குறை மிஷனெரிப் பத்திரிகைகளிலும் உண்டு. எனக்கு இங்கேதான் பெரிய உறுத்தல்.

சித்தப்பா ஊர் திரும்பிய பிறகு அவருடைய பெட்டியிலிருந்த பழைய பத்திரிகைகளை ஒரு மழைக்கால லீவில் உட்கார்ந்து வாசித்தேன். 'இருளில் கிடக்கும் மக்கள்', 'பேய்க்குப் பலியிடுகிறவர்கள்', 'குடியில் மூழ்கியவர்கள்', 'சோம்பலானவர்கள்'. எங்கேயோ வாசித்த மாதிரி இருந்தது. கால்டுவெல் 1849-ல் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறு நூல். அதில் இடம்பெற்றவர்கள் என் பாட்டனுக்குப் பாட்டன்மார். பனையேறிகள். பேயைக் கும்பிடுகிறவர்கள், மந்தபுத்திக்காரர்கள் என்று இடையன்குடித் தேரிமணலில் உட்கார்ந்துகொண்டு அவர் எழுதினார். படித்த நாடார்கள் கொதித்துப்போனார்கள். உபதேசியாராக இருந்து விலக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை வெள்ளைக்காரர்களே இல்லாத ஒரு சபையை 1857-ல் தனியாகத் தொடங்கினார். கால்டுவெல் புத்தகத்துக்கு எதிராகவும் விடாமல் எழுதினார். கடைசியில் அந்தப் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்க வேண்டிவந்தது. அந்தக் கோபத்தின் பேரப்பிள்ளைகள் 150 வருடம் கழித்து வடக்கே போய், மலையில் இருக்கும் இன்னொரு மக்களைப் பற்றி அதே வார்த்தைகளைத் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை வாசித்து உருகித்தான் அம்மா அரிசி எடுத்து வைத்தாள்.

சித்தப்பாவிடம் கேட்டேன். கால்டுவெல் பக்கத்தையும் பத்திரிகைப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படி எழுதுனாத்தான் மக்கா துட்டு வரும். துட்டு வந்தாத்தான் ஊசி."

"அப்ப பொய்னு தெரிஞ்சேதான் எழுதுனீங்களா?"

"மொதல்ல தெரியாதுடே. மொத அஞ்சு வருசம் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் செய்ததில் எனக்கு ஒப்பாதது இன்னொன்றும் உண்டு. விசுவாசிகளானவர்கள் மேளம் அடிக்கக் கூடாது, முன்னோருக்குப் படைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஊரில் மேளங்களைக் கொண்டுவந்து அவர் வீட்டுத் திண்ணையில் குவித்துவிட்டார்களாம். அதை ஒரு வெற்றியாக அன்றைக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த வருடக் கடிதத்தில், திண்ணையில் கிடந்த தோலை எலி கடித்துவிட்டது என்று ஒரு வரி மட்டும். இப்போது அங்கே சபையை நடத்துகிறவர்கள் பஹாடியாக்களே. ஆராதனையில் மேளம் அடிக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள். சித்தப்பா அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அவர் எழுதியவை, நூற்று எழுபது இன்லண்ட் லெட்டர்கள். ஸ்கேன் பண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டச்சு செய்தேன். என் பிழைப்பே லாகில் வார்த்தை தேடுவதுதான் என்பதால், இதிலும் தேடிப் பார்த்தேன். முதல் சில வருடக் கடிதங்களில் 'நாங்கள்' என்றால் சித்தப்பா, சித்தி, கூட இருந்த மிஷனெரிகள். பஹாடியாக்கள் 'இவர்கள்'. 'நம்ம ஊர்' என்றால் எங்கள் ஊர். 1991 வாக்கில் இது குழம்ப ஆரம்பிக்கிறது. 1996-ல் ஒரு கடிதம்: எங்கள் ஊரில் இந்த வருடம் மழை இல்லை, சோளம் கருகிவிட்டது. அப்பா அதை வாசித்துவிட்டு, இங்கேதான் குளம் நிறைஞ்சு கிடக்கே, இவனுக்கு யார் சொன்னா என்று கேட்டது எனக்கே லேசாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு 'எங்கள் ஊர்' என்றால் மலைதான். 'நீங்கள்' என்றால் நாங்கள்.

அக்காவிடம் இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னேன். "அந்த 'எங்கள்'ல நான் எங்க இருக்கேன்னு தேடிப் பாத்தியா?" என்றாள்.

'நாம்', 'நாங்கள்' என்று பிரித்துச் சொல்லும் வசதி இந்தியில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பஹாடியாக்களின் மால்தோ மொழியில் இருக்கிறது. கேட்கிறவரைச் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'ஏம்'. நான் என்பதற்கு 'ஏன்', நீ என்பதற்கு 'நீன்'. கங்கைக் கரையில், இந்திக்கும் வங்காளிக்கும் சந்தாலிக்கும் நடுவே, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2.34 லட்சம் பேர் பேசும் திராவிட மொழி அது. சித்தப்பா போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு கிழவி தன் கண்ணைக் காட்டி 'கனு' மாதிரி ஏதோ சொன்னாளாம். தொண்டைக்கு உள்ளே, அடியிலிருந்து வரும் 'க'. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறார். இதை முதலில் வகைப்படுத்தியவர்களில் ஒருவர் யார் என்று பார்த்தால் அதுவும் கால்டுவெல்தான். ஒப்பிலக்கணத்தின் 1875-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ராஜ்மகால் மொழியையும் ஒராவோனையும் திராவிடக் குடும்பத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். 1884-ல் எர்னஸ்ட் துரோசே என்ற மிஷனெரி மால்தோவுக்கு இலக்கணம் எழுதினார். அந்த மொழி பற்றி யார் ஆராய்ந்தாலும் இன்றைக்கும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. என் பாட்டன்மாரை மந்தபுத்தி என்று எழுதிய அதே கைதான் அவர்கள் மொழிக்கு ஆயிரம் மைல் தள்ளி ஒரு சொந்தத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. இந்த ஆளை நான் என்ன செய்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை. கோபமும் நன்றியும் ஒன்றையொன்று கழித்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் அப்படியே இருக்கின்றன.

சித்தப்பா ஒரு சொற்பட்டியல் வைத்திருந்தார். இரண்டு லாங் சைஸ் நோட்டு, 1,830 சொல். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது தேவநாகரியில்தான் எழுதுவார். ஆனால் தனக்கென்று எழுதியதெல்லாம் தமிழ் எழுத்தில். அந்தத் தொண்டைக் 'க'வுக்கு நம்மிடம் எழுத்து இல்லை. அதனால் ஆய்தத்தை முன்னால் போட்டுக்கொண்டார். ஃகனு, கண். ஃகெது, கால். ஃகேசு, இரத்தம். இந்தக் கடைசிச் சொல் நம்முடைய 'செம்மை'யோடு ஒரே வேர். நான் இதையெல்லாம் ஷீட்டில் ஏற்றி வரிசைப்படுத்தினேன். யூனிகோடில் ஆய்தம் அகரத்துக்கும் முன்னால் வரும். எனவே பட்டியலின் தலையில் கண், கால், இரத்தம் என்று வந்து நின்றது. சித்தப்பா ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "நீ வேணும்னே இப்படிப் போட்டியா?" என்றார். சாஃப்ட்வேர் போட்டது என்றேன். நம்பவில்லை.

சித்தி 2021-ல் இறந்தாள். அதிலிருந்து சித்தப்பா அக்கா வீட்டில், கோயம்புத்தூரில் இருக்கிறார். போன வருடம் ஒருநாள், நான் திரும்பிப் போறேன், அங்கேயே இருந்துக்கிடுதேன், அங்கேயே அடக்கம் பண்ணட்டும் என்று ஆரம்பித்தார். சுகர், ஒரு ஸ்டென்ட், அறுபத்தேழு வயது. அக்கா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு போன் போட்டாள். "அவருக்கு என்கூட இருக்க வாய்ச்சதே இந்த மூணு வருசந்தான்டா. அதையும் எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு போல."

நான் யாரையும் சமாதானம் பண்ணவில்லை. எனக்கு அதற்கு யோக்கியதையும் கிடையாது. நடந்தது வேறு. மலையில் ஒரு பள்ளி ஆசிரியை அந்தச் சொற்பட்டியலைக் கேட்டார். சித்தப்பா காலத்தில் ஊசி போட்டுப் பிழைத்த ஒருவரின் மகள் அவர். பிள்ளைகளுக்கு மால்தோவில் ஒரு சின்ன அகராதி போடப் பார்க்கிறார்கள், தேவநாகரியில் வேண்டும் என்றார். எழுத்து மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன், ஒரு மணி நேர வேலை. ஓட்டிப் பார்த்தால் பாதி குப்பை. தமிழ் 'த' அங்கே 'த'வாகவும் இருக்கலாம், 'தண்டம்' என்பதில் வருகிற 'த'வாகவும் இருக்கலாம். 'க', 'ப' எல்லாம் அப்படித்தான். எழுதிய நேரத்தில் சித்தப்பா காதில் கேட்டது, நோட்டில் இல்லை. யாராவது ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக் காட்டினால்தான் உண்டு.

இப்போது தினம் ராத்திரி எட்டரைக்கு அங்கிருந்து போன் வருகிறது. சித்தப்பா நோட்டைப் பார்த்துச் சொல்வார், அந்த ஆசிரியை திருத்துவார், அக்கா லேப்டாப்பில் டிக் பண்ணுவாள். சித்தப்பாவுக்கு டைப்பிங் வராது என்பதால் வேறு வழியில்லை. நாற்பது சொல்லுக்கு ஏழெட்டு தப்பு வருகிறது. சில சொல்லுக்கு சித்தப்பா எழுதி வைத்திருக்கும் அர்த்தமே வேறு. ஏதோ ஒரு புல்லின் பெயர் என்று எழுதியிருந்தது ஒரு வசவாம். ஆசிரியை சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது என்று அக்கா சொன்னாள். இதை யாரிடம் கேட்டு எழுதினீர்கள் என்று கேட்டதற்கு சித்தப்பா ஒரு பெயர் சொல்ல, அது என் பெரியப்பாதான், உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்றாராம்.

நேற்று வரை 640 சொல் முடிந்திருக்கிறது. டிக்கெட் பேச்சு நின்றபாடில்லை. மழை முடிந்து அக்டோபரில் போகலாம் என்கிறார் சித்தப்பா. ஸ்கூல் லீவு எப்போது என்று அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாருடைய ஸ்கூல் என்று கேட்டேன். தன் மகனுடையது என்றாள்.